உடற்பயிற்சிக்குப் பிந்தைய தசைவலிக்கு எப்சம் உப்புக் குளியல்: முறையாகச் செய்வது எப்படி?

நீண்ட இடைவெளிக்குப் பிறகு தொடைகளுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்தவருக்கு அதன் விளைவு அன்றைக்கே தெரிவதில்லை. அன்றிரவு நன்றாகவே உறங்கிவிடுவார். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு எழும்போது ஓர் இறுக்கம் தெரியும். அதற்கு மறுநாள் படிக்கட்டில் இறங்கும்போதோ, கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒரு கால் வைத்த படியிலேயே மறுகாலையும் வைத்து வைத்து இறங்க வேண்டியிருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே ஒரு பெரும் வேலையாகிவிடும். உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கும் இந்த நிலையில், யாராவது ஒருவர் வந்து, "வெந்நீரில் எப்சம் உப்பைப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்காருங்கள், சரியாகிவிடும்" என்று கட்டாயம் சொல்வார்.

யோசனை நல்லதுதான். ஆனால் அது ஏன் நல்லது என்பதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பிழையானது. காரணத்தைப் பிழையாகப் புரிந்துகொண்டால் செய்முறையும் பிழைத்துவிடுகிறது. எந்த உப்பு, எத்தனை கிலோ, எந்த நிறுவனத்தின் பொட்டலம் என்றெல்லாம் ஆராய்பவர்கள், நீரின் சூட்டையும், அதில் உட்காரும் நேரத்தையும், தொட்டியைவிட்டு எழும் விதத்தையும் கவனிக்காமல் விடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆகவே செய்முறைக்குப் போகுமுன், வலி எப்படி உண்டாகிறது, உப்பு என்ன செய்கிறது, வெந்நீர் என்ன செய்கிறது என்ற மூன்றையும் சற்றே பிரித்துப் பார்த்துக்கொள்வது பயன் தரும்.

வலியின் இயல்பு

பயிற்சி முடிந்து 12 முதல் 24 மணி நேரத்தில் தலைகாட்டி, 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும் இந்த வலியை, மருத்துவர்கள் தாமதமாகத் தோன்றும் தசைவலி என்று குறிப்பிடுவார்கள். அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் தியோடர் ஹஃப் 1902ஆம் ஆண்டிலேயே இதைப் பதிவு செய்து, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்களே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் அவருடைய கருத்தின் அடிப்படை மாறவில்லை. தசை சுருங்கியபடி வேலை செய்வதைக் காட்டிலும், சுமையைத் தாங்கியபடி நீளும்போதுதான் அதன் இழைகள் அதிகம் சேதமடைகின்றன. சரிவில் இறங்கி ஓடுவது, கையில் தூக்கிய எடையை மெதுவாகக் கீழே இறக்குவது, பழக்கமில்லாதவர் பலமுறை உட்கார்ந்து எழுவது ஆகியவை அத்தகைய வேலைகள். சேதமடைந்த இடத்தில் அழற்சி உண்டாகி, அங்குள்ள நரம்பு முனைகளின் கூருணர்வு கூடிவிடுகிறது. அதனால்தான் சும்மா கிடக்கும்போது வலிக்காத தொடை, தொட்டாலோ மடக்கினாலோ வலிக்கிறது.

தசையில் தேங்கிய லாக்டிக் அமிலத்தை உப்புநீர் கரைத்து வெளியே இழுத்துவிடுகிறது என்பது இன்னும் பலர் சொல்லும் விளக்கம். பயிற்சியின்போது இரத்தத்தில் கூடும் லாக்டேட், பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ இயல்பு நிலைக்குத் திரும்பிவிடுகிறது. இரண்டு நாள் கழித்து வரும் வலிக்கு அதைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியே இழுப்பதற்கும் அப்போது அங்கே ஒன்றும் இருக்காது. தசை இழைகளை உடல் தன் வேகத்தில்தான் சீர்செய்துகொள்ளும். குளியல் அந்த வேகத்தைப் பெரிதாக மாற்றாவிட்டாலும், அந்த நாள்களைக் கடப்பதை எளிதாக்கும். இந்த அளவு எதிர்பார்ப்போடு தொட்டிக்குள் இறங்குபவர் ஏமாற மாட்டார்.

உப்பின் பங்கு

எப்சம் என்பது இங்கிலாந்தின் சர்ரி மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். பதினேழாம் நூற்றாண்டில் அங்கிருந்த கசப்பு நீரூற்று வயிற்றைச் சுத்தம் செய்யும் மருந்தாகப் பெயர்பெற்றது. அந்த நீரிலிருந்து பிரிக்கப்பட்ட உப்பைப் பற்றி நெகேமியா குரூ என்ற ஆங்கில மருத்துவர் 1695இல் ஒரு நூலே எழுதினார். வேதியியலில் இது மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட். அதாவது ஒவ்வொரு மூலக்கூறும் ஏழு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டி வைத்திருக்கும் படிகம். சமையலுக்குப் பயன்படும் சோடியம் குளோரைடுக்கும் இதற்கும் உறவில்லை. பொதுவாக உப்பு என்று அழைக்கப்படும் வகையில்தான் ஒற்றுமை. தமிழில் இதற்குப் பேதியுப்பு என்ற பெயரும் உண்டு. மருத்துவத்தில் ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட இதன் வேலைகளில் ஒன்றை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

தோல் வழியாக மெக்னீசியம் உள்ளே போய்த் தசையைத் தளர்த்துகிறது என்பதுதான் குளியலுக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதன்மையான வாதம். தசைகள் வேலை செய்ய மெக்னீசியம் தேவை என்பது உண்மை. ஆனால் நீரில் ஊறும் தோல் வழியாக அது குறிப்பிடத்தக்க அளவு உள்ளே போகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. தோலின் வெளியடுக்கு இருப்பதே வெளியிலுள்ளவற்றைத் தடுத்து நிறுத்துவதற்காகத்தான். நீர் மூலக்கூறுகளைச் சுமந்துகொண்டு பருத்திருக்கும் மெக்னீசிய அயனிகள் அதைக் கடப்பது கடினம். இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எப்சம் உப்பின் எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு மெக்னீசியம். அரைக் கிலோ உப்பைத் தொட்டியில் கொட்டினால் நாம் சுமார் 49 கிராம் மெக்னீசியத்துக்குள் உட்கார்ந்திருக்கிறோம். வளர்ந்த மனிதர் ஒருவரின் எலும்பு, தசை, இரத்தம் எல்லாவற்றிலும் சேர்த்து இருக்கும் மெக்னீசியமோ சுமார் 25 கிராம்தான். தோல் அதை எளிதில் உள்ளே விடுமானால் இந்தக் குளியல் ஆபத்தானதாக இருந்திருக்கும்.

மருத்துவமனையில் இதே மெக்னீசியம் சல்ஃபேட், கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து வலிப்பு வரும் நிலையில் ஊசி வழியாகச் செலுத்தப்படுகிறது. அப்போது செவிலியர் நோயாளியின் முழங்காலைச் சிறு சுத்தியலால் தட்டி அனிச்சை அசைவு இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார். மூச்சின் எண்ணிக்கையையும் சிறுநீரின் அளவையும் குறித்து வைப்பார். மருந்து மிகுந்துவிட்டால் முதலில் அந்த முழங்கால் அசைவு மறையும் என்பதே காரணம். மெக்னீசியம் உண்மையிலேயே இரத்தத்தில் கூடினால் எப்படிப்பட்ட காவல் தேவைப்படும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அப்படியானால் குளித்து எழுந்ததும் கிடைக்கும் இதம் வெறும் கற்பனையா என்றால், இல்லை. உப்புக்குச் சூட்டப்படும் புகழில் பெரும்பங்கு வெந்நீருக்கு உரியது என்பதே என் கருத்து. சூடு பட்டதும் தோலிலும் அதன் கீழும் உள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இறுகிக் கிடக்கும் தசையின் விறைப்பு குறைகிறது. சூட்டைச் சுமந்து செல்லும் நரம்புச் செய்திகள் வலிச் செய்திகளை ஓரளவு மங்கச் செய்கின்றன. கழுத்தளவு நீரில் அமிழ்ந்திருப்பவரின் கால்களும் மூட்டுகளும் தாங்க வேண்டிய எடை, அவருடைய உண்மையான எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இதற்கும் உப்பு தேவையில்லை. 150 லிட்டர் நீரில் அரைக் கிலோ உப்பு என்பது 0.33 விழுக்காடு மட்டுமே; கடல்நீரின் உப்புச் செறிவு ஏறத்தாழ 3.5 விழுக்காடு என்பதை நினைத்துப் பார்த்தால், நம் தொட்டி நீரின் கனம் எவ்வளவு சொற்பமாகக் கூடியிருக்கும் என்பது விளங்கும். இவற்றோடு, கைப்பேசியைத் தொடாமல் கால் மணி நேரம் ஓரிடத்தில் சும்மா இருப்பதன் பலனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பின் ஏன் உப்பைப் போட வேண்டும் என்று கேட்கலாம். நீரின் தொடுவுணர்வு சற்று மென்மையாக மாறுகிறது என்று பலரும், நானும், உணர்ந்திருக்கிறோம். பெரும்பாலானோருக்கு அதனால் தீங்கில்லை. குளியலை ஒரு சிகிச்சையாக மதித்து நேரம் ஒதுக்க அந்த உப்பு நம்மைத் தூண்டுகிறது. உப்பு இருந்தால் போடுங்கள். இல்லையென்பதற்காகக் குளியலைத் தள்ளிப்போட வேண்டாம்.

குளியலுக்கு முன்

பயிற்சிக் கூடத்திலிருந்து வந்த வேகத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்குவது சரியல்ல. அப்போது உடல் ஏற்கெனவே சூடேறி, வியர்வையாக நீரை இழந்து, இரத்தக் குழாய்கள் விரிந்த நிலையில் இருக்கும். அதன்மேல் இன்னும் சூட்டை ஏற்றினால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். மூச்சும் நாடித்துடிப்பும் இயல்புக்கு வந்து, வியர்வை அடங்கி, இரண்டு குவளை நீராவது குடித்த பின் குளியலைப் பற்றி யோசிக்கலாம். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளி விடுவது நல்லது. இயலுமானால் உறங்குவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு முன் வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது. வெந்நீரில் உடல் சூடேறிய பின், கை கால்களின் தோல் வழியாக அந்தச் சூடு வெளியேறி உடலின் உள்வெப்பம் இறங்கும்போது உறக்கம் எளிதாக வருகிறது. தசை சீராவதற்கு உறக்கத்தைப்போல் உதவுவது வேறில்லை.

உப்பு வாங்கும்போது உறையில் மெக்னீசியம் சல்ஃபேட் ஹெப்டாஹைட்ரேட் என்று எழுதியிருக்கிறதா என்றும், அது மருந்துத் தரத்தில் உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். செடிகளுக்கு உரமாக விற்கப்படும் இதே உப்பு விலை மலிவாகக் கிடைக்கும். அதில் தோலுக்கு ஒவ்வாத கலப்புகள் இருக்கலாம் என்பதால் குளியலுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். நறுமணமும் நிறமும் சேர்த்த வகைகள் விலையில்தான் உயர்ந்தவை. எளிதில் சிவந்து அரிக்கும் தோல் உடையவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

அளவைப் பொறுத்தவரை, சுமார் 150 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டிக்கு 300 முதல் 500 கிராம் வரை போதுமானது. எடை பார்க்க வசதி இல்லாதவர்கள் ஒரு கோப்பையில் ஏறத்தாழ 250 கிராம் பிடிக்கும் என்று கொண்டு, ஒன்றரைக் கோப்பையில் தொடங்கலாம். முதன்முறை செய்பவர் அதிலும் பாதியைப் போட்டு, மறுநாள் தோலில் அரிப்போ வறட்சியோ தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம். இரண்டு கிலோ போட்டால் நான்கு மடங்கு பலன் கிடைக்கும் என்று எண்ணுபவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நான்கு மடங்கு வறண்ட தோல்தான்.

உண்மையில் கவனமாக அளக்க வேண்டியது சூட்டை. 37 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை உள்ள நீர் பெரும்பாலோருக்கு இதமாக இருக்கும். 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். நீரின் வெப்பத்தை அளப்பதற்கென்றே விற்கப்படும் வெப்பமானி இருந்தால் நல்லது. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை நீரில் போடக் கூடாது. கருவி எதுவும் இல்லையென்றால் உள்ளங்கையை நம்பாமல், முழங்கையையோ முன்கையின் உட்புறத்தையோ நீரில் அமிழ்த்திப் பாருங்கள். அடுப்பிலும் பாத்திரங்களிலும் பழகிப் பழகி உள்ளங்கைக்குச் சூடு உறைப்பதில்லை. "இது போதும்" என்று கை சொல்லும் நீர் முதுகில் பட்டதும் சுரீர் என்று சுடும். தொட்டியின் மேல்மட்ட நீரும் அடிமட்ட நீரும் ஒரே சூட்டில் இருக்காது என்பதால், சோதிப்பதற்கு முன் கையால் நன்றாகக் கலக்கிவிட வேண்டும். முதலில் குளிர்ந்த நீரை விட்டு, பிறகு வெந்நீரைச் சேர்த்துச் சூட்டை ஏற்றிக்கொண்டு வருவது பாதுகாப்பான வழி. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

நீர் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே உப்பைக் குழாயின் அடியில், நீர் விழும் இடத்தில் சிறிது சிறிதாகத் தூவினால் அது விரைவில் கரைந்துவிடும். நிரம்பிய பிறகு மொத்தமாகக் கொட்டினால் படிகங்கள் அடியில் போய்ப் படிந்துவிடும். அதன்மேல் உட்காரும்போது தொடையின் அடியில் மணல் நெறுநெறுப்பது போல் குத்தும். அப்படி ஆகிவிட்டால் கையால் துழாவி, நெறுநெறுப்பு மறையும்வரை கலக்குங்கள். ஒரு குடுவை வெந்நீரில் உப்பை முன்கூட்டியே கரைத்து ஊற்றிவிடுவதும் ஒரு வழி. நீரைப் பீய்ச்சி அடிக்கும் மோட்டார் பொருத்திய தொட்டியாக இருந்தால், அதைச் செய்தவர் அனுமதி தந்திருந்தால் ஒழிய உப்பைப் போட வேண்டாம். குழாய்களிலும் உலோகப் பகுதிகளிலும் அது அரிப்பை உண்டாக்கலாம். நறுமண எண்ணெய்த் துளிகளை நேரடியாக நீரில் விடுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. எண்ணெய் நீரில் கரையாமல் மிதந்து, செறிவு குறையாமலே தோலில் ஒட்டி எரிச்சல் தரும். தொட்டியின் தரையும் வழுக்கும்.

தொட்டிக்குள்

கால்களை முதலில் வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, இடுப்பளவு இறங்கி, மூச்சு சீரான பின் சாய்ந்து உட்காருங்கள். வலிக்கும் தசை நீருக்குள் இருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் தோள்பட்டை வலிக்காகக் குளிப்பவர்கள் மார்பளவு நீரில் அமர்ந்துகொண்டு, தோள் மட்டும் குளிர்ந்த காற்றில் நனைந்து கிடக்க, பலனில்லையே என்று குறைபடுவதுண்டு. அவர்கள் முழங்கால்களை மடக்கிச் சற்றே சறுக்கிக் கீழே இறங்கிக்கொள்ளலாம். குடிநீர்க் குவளை ஒன்று கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். குளியலறைக் கதவை உள்ளே தாழிட வேண்டாம். வீட்டிலுள்ள ஒருவரிடம் சொல்லிவிட்டு இறங்குவது நல்லது.

15 நிமிடம் போதும். 20 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். முதல் சில நிமிடங்கள் அசையாமல் இருந்துவிட்டு, பிறகு கணுக்காலைச் சுழற்றுவது, முழங்காலை மெதுவாக மடக்கி நீட்டுவது, தோள்களைப் பின்னோக்கி உருட்டுவது என்று சிறு அசைவுகளைச் செய்யலாம். வெளியில் செய்தால் வலிக்கும் அசைவு நீருக்குள் வலியின்றி வருவதைக் காணும்போது, இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கிழிசல் கண்ட இழைகளைச் சூட்டின் மயக்கத்தில் வலுவாக இழுத்தால், அதன் கணக்கு மறுநாள் வந்து சேரும். கட்டைவிரலால் அழுத்திப் பிசைவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உள்ளங்கையால் மெதுவாக நீவிவிடுவது போதும்.

நெற்றியில் லேசாக வியர்ப்பது இயல்பு. நெஞ்சு படபடத்தாலோ, குமட்டினாலோ, தலை கனத்தாலோ நேரம் முடியும்வரை காத்திருக்காமல் குளியலை அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

எழுவதுதான் இந்தக் குளியலின் மிகவும் ஆபத்தான கட்டம். நான் முதன்முறை இதைச் செய்தபோது, அடித்த கைப்பேசியை எடுப்பதற்காக விருட்டென்று எழுந்தேன். கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது; சுவரில் சாய்ந்து, துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டதால் விழாமல் தப்பினேன். உட்கார்ந்திருந்தவரை நீரின் அழுத்தம் கால்களிலிருந்து இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். எழுந்ததும் அந்த அழுத்தம் சட்டென்று நீங்க, சூட்டால் விரிந்த குழாய்களில் இரத்தம் கீழே இறங்கித் தேங்க, மூளைக்குப் போகும் அளவு குறைந்துவிடுகிறது. ஆகவே எழுவதற்கு முன்பே அடைப்பைத் திறந்து நீரை வடியவிடுங்கள். நீர் இறங்க இறங்க உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும். முழுதும் வடிந்த பின் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்து, தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்து, வழுக்காத விரிப்பின்மேல் காலை வையுங்கள்.

அதன் பிறகு வெதுவெதுப்பான நல்ல நீரை ஊற்றி உடலை ஒருமுறை அலசிவிட வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு தோலிலேயே காய்ந்து, வெண்மையாகப் பொரிந்து அரிக்கும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோல் சற்று ஈரமாக இருக்கும்போதே ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவிக்கொண்டால் வறட்சி வராது. தொட்டியையும் நல்ல நீரால் கழுவிவிடுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை போதுமானது. மறுநாள் முழுதும் படுத்தே கிடக்காமல் சற்று நடப்பது, வலிக்கும் தசைக்குக் குளியல் அளவுக்கு, சொல்லப்போனால் அதைவிடவும், இதம் தரும்.

தொட்டி இல்லாதவர்களுக்கு

தொட்டி இல்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை. கெண்டைக்கால் கடுப்புக்கும் பாத வலிக்கும் ஆழமான வாளியே போதும். 10 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் உப்பைக் கரைத்து, முழங்காலுக்குக் கீழ்வரை கால்களை அமிழ்த்தி 15 நிமிடம் அமர்ந்திருக்கலாம். சிறிய பாத்திரத்தில் நீர் விரைவில் ஆறிவிடும். இடையில் வெந்நீர் சேர்ப்பதானால் கால்களை வெளியே எடுத்த பின்தான் ஊற்ற வேண்டும். காலை உள்ளே வைத்துக்கொண்டே ஊற்றிப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் உண்டு. முதுகுக்கும் தோளுக்கும் ஒத்தடமே ஏற்றது. தடித்த துண்டைச் சூடான நீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மடித்து வைத்து, ஆறியதும் மீண்டும் நனைத்து வைக்கலாம். இதற்கு உப்பு சேர்க்க வேண்டாம். துணியோடு சேர்ந்து உராய்ந்து தோலைப் புண்படுத்துவதைத் தவிர அதனால் பயன் ஏதும் இல்லை.

தவிர்க்க வேண்டியவர்களும் தவிர்க்க வேண்டிய வேளைகளும்

திறந்த புண், தீக்காயம், தோல் தொற்று, சீறியெழுந்த படை ஆகியவை உள்ளவர்கள் அவை ஆறும்வரை இதைச் செய்யக் கூடாது. நீரிழிவால் பாதங்களில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். நீர் சுடுவது அவர்களுக்குத் தெரியாது. ஊறி வறண்ட தோலில் விழும் சிறு வெடிப்பும் அவர்களிடம் பெரும் புண்ணாக மாறக்கூடும். இதயநோய் உள்ளவர்கள், இரத்த அழுத்தம் குறைவாக உள்ளவர்கள், அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள், சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் ஆகியோர் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாக முதல் மூன்று மாதங்களில், உடலின் உள்வெப்பம் உயர்வதே கருவுக்கு நல்லதல்ல என்பதால், அவர்களும் கேட்டுத் தெளிந்த பின்னரே இறங்க வேண்டும். மது அருந்தியவர் வெந்நீர்த் தொட்டிப் பக்கமே போகக் கூடாது.

இன்னொன்று, தசைவலி வேறு, அடிபட்ட வலி வேறு. கால் பிசகி வீங்கியிருக்கும்போதோ, பயிற்சியின் நடுவே "பட்" என்று ஏதோ அறுந்தாற்போல் உணர்ந்து வலி தொடங்கியிருக்கும்போதோ, முதல் இரண்டு நாள்களுக்குச் சூடு ஆகாது. அது வீக்கத்தைக் கூட்டிவிடும். ஒரே காலின் கெண்டைத் தசை மட்டும் வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால் அது இரத்தக் குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அளவுக்கு மீறிய பயிற்சிக்குப் பின் தசை கல்லாய் வீங்கி, வலிமை குன்றி, சிறுநீர் கட்டன் தேநீரின் நிறத்தில் போனால், சிதைந்த தசையிலிருந்து வெளிப்படும் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த நிலையில் வெந்நீரைத் தேடாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஒரு வாரம் கடந்தும் தணியாத வலியையும் காட்டிவிடுவது நல்லது.

உப்பைக் குடிப்பதைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். குளியல் பலன் தருகிறதென்றால் சிறிது உள்ளுக்கும் எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு நிச்சயம், சிறுநீரகம் பலவீனமாக உள்ளவருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் ஏறி, மூச்சையும் இதயத்தையும் பாதிக்கும் அளவுக்குப் போகலாம்.

மீந்த உப்பைக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, மேலே பெயரெழுதி ஒட்டி, குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில், சமையலறையிலிருந்து தள்ளி வையுங்கள். பார்வைக்கு அது சர்க்கரையைப் போலவே இருக்கும். பெயரெழுதாத புட்டியில் வைத்திருந்த என் உப்பு ஒருநாள் விருந்தினரின் காப்பிவரைக்கும் போய்விட்டது. முதல் மிடற்றின் கசப்பிலேயே அவர் துப்பிவிட்டதால் பிழைத்தோம். வறண்ட காற்றில் திறந்து கிடந்தால் படிகம் தன்னிடமுள்ள நீரை மெல்ல இழந்து வெள்ளைப் பொடியாகப் பூத்துவிடும். அது கெட்டுப்போனதாகப் பொருளில்லை. நீர் போன எடைக்கு ஈடாக, அடுத்த முறை சற்றுக் குறைத்துப் போட்டால் போதும்.